பழைய ஆங்கிலப் பங்கு ஆலயங்களில் ஆராதிக்கும் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயங்களில் ஞாயிறு பிற்பகல்களில் தமிழ் ஆராதனை நடத்திவரும் சபைகளின் செயற்குழுவினருக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஊர்ச் சபையார் காலை ஆராதனையை முடித்துக்கொண்டு போனபின் அதே ஆலயத்தில் நீங்கள் கூடுகிறீர்கள். இடம் கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். உள்சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, பூச்சு பொரிந்து உதிர்கிறது, சபையிலோ கட்டட வேலை தெரிந்த சகோதரர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சிரமதானமாகக் கொத்திப் பூசி, பளிச்சென்று பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். ஏன் கூடாது என்பதையும், அதற்குப் பதிலாக உங்களால் என்ன செய்ய முடியும் என்பதையும் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சுவரைப் பற்றி. இடைக்காலத்துப் பங்கு ஆலயத்தின் சுவர் பெரும்பாலும் இரண்டரை, மூன்று அடி கனம் இருக்கும். உள்ளும் புறமும் கல்லால் முகம் கட்டி, நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். அடியில் ஈரத்தடுப்புப் படலம் எதுவும் கிடையாது. மழை நனைக்கும், தரையிலிருந்து ஈரம் ஏறும். அந்த ஈரம் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தின் வழியாகவும் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவும் காற்றில் உலர்ந்து போகும். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக அந்தச் சுவர் நிற்பது இப்படி நனைந்தும் உலர்ந்தும்தான்.

போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824-இல். இருபதாம் நூற்றாண்டில் அது எல்லாப் பழுதுக்கும் கைமருந்தாகிவிட்டது. சிமெண்ட் பெரும்பாலும் கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் வெளியே விடாது. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சிமெண்டை வைத்து அடைத்தால், இதுவரை சாந்து வழியாக வெளியேறிய ஈரம் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் கல்லின் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே உறைந்து விரியும். கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சில பத்தாண்டுகளில் கல் உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் வரப்புப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட சுவரை உங்கள் ஆலயத்தின் வெளிப்புறத்திலேயே நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே சிமெண்ட் பூச்சும் அதன்மேல் எமல்ஷன் பெயின்டும் அடித்தால் நடப்பதும் இதுவே. ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து வைத்த கதைதான். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேலாகப் புதிதாக உப்புப் பூக்கும். உள்ளே மரச் சட்டங்களின் நுனி உளுத்துப்போகும்.

ஆகவே உப்புப் பூத்த சுவரைக் கண்டதும் பூச்சுக் கரண்டியைத் தேடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அதற்கு நல்ல நேரம் மழை கொட்டும்போதுதான். குடை பிடித்துக்கொண்டு ஆலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தப் பீலி (கூரையோர மழைநீர் வாய்க்கால்) நிரம்பி வழிகிறது, எந்தக் குழாயின் பின்னால் சுவர் பச்சையாகப் பாசி பிடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாய்கள் பெரும்பாலும் சுவரை ஒட்டிய பின்பக்கத்தில்தான் துருப்பிடித்து வெடிக்கும், ஏனென்றால் பெயின்ட் தூரிகை அங்கே எட்டாது. முன்னாலிருந்து பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும். ஒரு சிறு கைக்கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பாருங்கள், விரிசல் தெரிந்துவிடும். அடுத்து குழாய் வந்து விழும் தரைவாய். இலையும் மண்ணும் அடைத்திருந்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்தில் இறங்கும். மூன்றாவதாகத் தரைமட்டம். நூற்றாண்டுக் கணக்கில் அடக்கம் செய்ததால் ஆலயத்தைச் சுற்றி மண் உயர்ந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிட ஓர் அடி, இரண்டடி மேலே இருப்பது சாதாரணம். சுவரோரம் வெட்டிய வடிகால் இருந்தால் அதில் செடி முளைக்கவோ பூந்தொட்டி வைக்கவோ விடக்கூடாது.

சிரமதானம் செய்ய விரும்புகிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலை இங்கேதான் இருக்கிறது. இலையுதிர்ந்து முடிந்த நவம்பர் இறுதியில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை தரைவாய்களைத் தோண்டிச் சுத்தம் செய்வது, வடிகாலில் களை பிடுங்குவது, சுவரில் முளைவிடும் ஐவிக் கொடியை இளசாக இருக்கும்போதே அகற்றுவது. முற்றிய ஐவியைப் பிடித்து இழுக்காதீர்கள், சாந்தோடு கல்லும் வந்துவிடும். அடித்தண்டை வெட்டிவிட்டுக் காய விட வேண்டும், அதுவும் ஊர்ச் சபையாரிடம் கேட்ட பிறகு. கூரையோரக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈயப் பீலிகள் உயரத்தில் இருப்பவை. அவை பயிற்சியும் காப்பீடும் உள்ளவர்களின் வேலை. இளைஞர்களை ஏணி வைத்து ஏற்றாதீர்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்துகொள்ள விரும்பும் கொத்தனார்கள் உங்களிடையே இருப்பார்கள், ஆதலால் முறையையும் சொல்லிவிடுகிறோம். கற்களின் சந்தில் உள்ள பழுதான சாந்தைக் கையுளியால், சந்தின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது சுரண்டியெடுக்க வேண்டும். கிரைண்டர் கூடாது, அது கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும், தின்ற ஓரம் திரும்ப வராது. தூசியை அகற்றி நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த சாந்தை, தண்ணீர் அதிகமாகாமல் கெட்டியாக அழுத்தித் திணிக்க வேண்டும். சற்று இறுகியதும் கடினமான தூரிகையால் தட்டிவிட்டால் மேல்தோல் திறந்து, ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது வெயிலும் காற்றும் நேரே படாமல் காக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வேலையே இல்லை. ஆகவே இந்த நாட்டில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் இதற்கான காலம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்களின் வழிவந்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் சுண்ணாம்பு வேலைக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. இரண்டு பேரை அனுப்பிப் பழக்குங்கள். பிறகு ஆலயத்தின் கட்டடக் கலைஞர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் கலவையில் அவர்கள் வேலை செய்யட்டும்.

வெள்ளையடிப்பதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும்.

ஈஸ்ட் ஹாமின் கடைத்தெருவைத் தெரியாத லண்டன் தமிழர் குறைவு. ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து நேரே தெற்கே போனால் ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் புனித மகதலேனா மரியாள் ஆலயம் நிற்கிறது. சுமார் 9 ஏக்கர் கல்லறைத் தோட்டத்துக்குள், மரங்களுக்கிடையில் இருப்பதால் பேருந்தில் போகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்மானியர் காலத்தில் கட்டியது. மக்கள் கூடும் நடுக்கூடம், அதை அடுத்துக் குருவானவருக்கான கிழக்கு மண்டபம், அதன் முடிவில் அரைவட்டமாக வளைந்த திருமுற்றம் என்று மூன்று பகுதிகளும் ஒரே வரிசையில் அன்றைய அமைப்பிலேயே இருக்கின்றன. இது பெரிய விஷயம். பெரும்பாலான ஊர்களில் அந்த அரைவட்ட முடிவைப் பிற்காலத்தில் இடித்துச் சதுரமாக நீட்டிவிட்டார்கள். லண்டன் எல்லைக்குள் இப்படி முழுதாகத் தப்பியவை மிகச் சில. கிழக்கு மண்டபத்தின் வடசுவரில் அரைவட்ட வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வரிசையாகச் செல்கின்றன. அருகில் நின்று பாருங்கள்: இரண்டு அரைவட்டங்கள் வெட்டும் இடத்தில் தானாகவே ஒரு கூர்வளைவு உருவாகியிருக்கும். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தெங்கும் பரவிய கூர்வளைவுச் சன்னலின் வடிவம் அலங்காரமாக இங்கே முன்கூட்டியே இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சை அளந்து ஆராய்ந்த வில்லியம் ஸ்டூக்லியும் 1765-இல் இந்தத் தோட்டத்தில்தான் அடக்கமானார், தன் விருப்பப்படியே கல் எதுவும் நடாமல்.

அந்த ஆலயத்தின் உட்சுவரில் 13-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியத்தின் தடயங்கள் இருக்கின்றன. நீங்கள் ஆராதிக்கும் ஆலயத்திலும் இருக்கலாம், வெளியே தெரியாமல். இடைக்காலத்து ஆலயங்களின் உட்சுவர்கள் ஓவியத்தால் நிறைந்திருந்தன. 1547-க்குப் பிறகு, புராட்டஸ்டன்ட் மன்னரான ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் அவற்றின்மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். கல் பலிபீடங்களைப் பெயர்த்துவிட்டு மரமேசை போட்டதும், நடுக்கூடத்துக்கும் கிழக்கு மண்டபத்துக்கும் இடையில் நின்ற பெரிய சிலுவைகளை இறக்கியதும் அக்காலத்தில்தான். அழிக்க நினைத்து அடித்த சுண்ணாம்பே பல ஓவியங்களைக் காப்பாற்றிவிட்டது. குரோய்டனுக்குத் தெற்கே, சர்ரேயின் சால்டன் ஆலயத்தில் மேற்குச் சுவர் முழுக்கச் சுமார் 17 அடி அகலம், 11 அடி உயரத்தில் ஓர் ஓவியம். ஏறத்தாழ 1200-இல் வரைந்தது. ஆன்மாக்கள் ஏணியில் ஏறுவதும் விழுவதும், மிக்கேல் தூதன் தராசு பிடிப்பதும் அதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சுவரைப் புதுப்பிக்க முனைந்தபோது நிறம் தெரிந்து, வேலையை நிறுத்தியதால்தான் இன்று அது நமக்கு இருக்கிறது. ஆகவே பழைய வெள்ளையைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். செல்லோடேப் ஒட்டி எடுத்தாலே ஒரு படலம் உரிந்து வரும். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் வசன அட்டையையும் சுவரில் ஒட்டாமல் தனியாக நிற்கும் பலகையில் மாட்டுங்கள்.

ஒரு கட்டடத்தின் காலத்தைச் சன்னலையும் வளைவையும் வைத்து ஓரளவு சொல்லலாம். அரைவட்டமும் தடித்த தூணும் என்றால் பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டு. ஒடுங்கிய கூர்நுனிச் சன்னல்கள் என்றால் 13. கல்லில் கொடி போல் வளைந்தோடும் சட்டங்கள் 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. 1348-இன் கொள்ளைநோய்க்குப் பிறகு நேர்க்குத்தான சட்டங்களும் அகன்ற கண்ணாடிப் பரப்பும் வருகின்றன. கால்டுவெல் இடையன்குடியில் எழுப்பிய, 1880-இல் பிரதிஷ்டையான ஆலயத்தின் கூர்வளைவுச் சன்னல்கள் இந்த மரபிலிருந்து வந்தவையே. ஆனால் ஒரே ஆலயத்தில் நான்கு காலமும் கலந்திருக்கும். சன்னல் புதிது, சுவர் பழையது என்பது வழக்கம். டர்ஹாம் வட்டாரத்தின் எஸ்கோம் ஆலயம் 7-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கற்களோ அருகிலிருந்த ரோமானியக் கோட்டையிலிருந்து எடுத்தவை. ரோமின் ஆறாம் படையணியின் பெயர் பொறித்த ஒரு கல் தலைகீழாகச் சுவரில் பதிந்திருக்கிறது. எங்கே ஆணி அடித்தாலும் அது யாருடைய வேலையின்மேல் இறங்குகிறது என்று சொல்ல முடியாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.

அடுத்தது சூடு. குளிர்காலத்தில் சிலிண்டர் வைத்த ஹீட்டர்களைத் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். பியூட்டேன் எரியும்போது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகிறது. 15 கிலோ சிலிண்டர் ஒன்று காலியானால் 23 லிட்டர் தண்ணீரை ஆலயத்துக்குள் ஊற்றியதற்குச் சமம். அதோடு ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரம் விடுகிறார்; 150 பேர் இரண்டரை மணி நேரம் பாடி ஜெபித்தால் 19 லிட்டருக்கு அருகே வரும். சூடு அணைந்ததும் இவ்வளவும் குளிர்ந்த இடம் பார்த்துப் படியும்: சன்னல் கண்ணாடி, நினைவுக் கற்கள், ஆர்கன் குழாய்கள், ஈயக் கூரையின் அடிப்புறம். ஈயம் அடியிலிருந்து வெள்ளைப் பொடியாக அரிப்பது இப்படித்தான். எரிவாயு ஹீட்டரை விட்டுவிட்டு, இருக்கைக்குக் கீழ் வைக்கும் மின்சூடாக்கிக்கு ஊர்ச் சபையாரோடு சேர்ந்து பணம் திரட்டுங்கள். கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களைச் சூடாக்கினால் போதும். ஆராதனை முடிந்ததும் சற்றுக் காற்றோட்டம் கொடுங்கள். ஆனால் மார்ச், ஏப்ரலில் வெளியே இதமான ஈரக்காற்று வீசும் நாளில் கதவை அகலத் திறந்து போடாதீர்கள். குளிர்ந்து கிடக்கும் கல்லில் அந்தக் காற்று பட்டதும் சுவர் முழுக்க வியர்க்கும்.

தரைக்கு வருவோம். ரப்பர் அல்லது ஃபோம் அடி கொண்ட கம்பளத்தைப் பழைய கல்தரையில் ஒட்டினால் ஈரம் தூண்களின் அடிக்கும் இருக்கைகளின் மரமேடைக்கும் திரும்பும். தரையில் பதித்த பித்தளை நினைவுத் தகடுகள் இருக்கும் ஆலயங்களில் தென்னைநார்ப் பாய் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மிதியிலும் மணலைச் சேர்த்துத் தேய்த்து எழுத்தை அழிக்கும். அந்தத் தகடுகளை யாரும் துலக்கவும் கூடாது. வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற அதே அன்போடு யாராவது துலக்கிவிடக்கூடும் என்பதால் சொல்கிறோம். சர்ரேயின் ஸ்டோக் டி'அபெர்னன் ஆலயத்திலுள்ள வீரனின் தகடு 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினது என்று இன்று கருதப்படுகிறது. நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் செதுக்கிய கோடுகளின் ஆழம்தான் அதன் உயிர். புளி, எலுமிச்சை, வினிகர், பளபளப்பாக்கும் திரவம் எதுவும் பித்தளையையோ சுண்ணாம்புக் கல்லையோ தொடக்கூடாது.

அறுப்பின் பண்டிகைக்கும் அசனத்துக்கும் உணவு பரிமாறும்போது மஞ்சளும் எண்ணெயும் சிந்தினால் கல் உடனே உறிஞ்சிவிடும். பரிமாறும் இடத்தில் மட்டும் விரிப்பைப் போட்டு, முடிந்ததும் அன்றே சுருட்டி எடுத்துவிடுங்கள். சிந்திவிட்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள், பிளீச் ஊற்றாதீர்கள். கூடாரம் போட வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தில் முளை அடிக்காமல், எடைக் கல் வைத்து நிறுத்தும் வகையைக் கேளுங்கள். அடியில் யார் உறங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

மணியைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. வருடப் பிறப்பு ஆராதனையில் நள்ளிரவு மணி அடிப்பது நம் ஊர் வழக்கம். இங்கே பல கோபுரங்களில் மணி சக்கரத்தில் பூட்டப்பட்டு முழுவட்டமாகச் சுழலும். சில வேளைகளில் வாய் மேல்நோக்கியபடி நிறுத்தி வைத்திருப்பார்கள். தெரியாமல் கயிற்றை இழுத்தால் பல நூறு கிலோ எடையுள்ள மணி கவிழ்ந்து சுழலும், கயிறு கையோடு ஆளையும் மேலே தூக்கும். கோபுர அறையைப் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள். மணி வேண்டுமென்றால் அந்தக் கோபுரத்தின் மணியடிப்போரையே அழையுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்கள். வௌவால்களையும் விரட்டாதீர்கள், அவையும் அவை தங்கும் இடமும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. எச்சம் விழும் இடத்தில் துணி விரித்து மூடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி அனுமதி. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயக் கட்டடங்களுக்குத் திருமண்டல நீதிமன்றத்தின் அனுமதி முறை உண்டு, ஃபேகல்ட்டி என்பார்கள். சிறு பராமரிப்பு வேலைகள் 'ஏ' பட்டியலில் இருக்கின்றன, அவற்றுக்கு அனுமதி வேண்டாம். 'பி' பட்டியல் வேலைகளுக்கு ஆர்ச்டீக்கன் எனப்படும் மூத்த குருவின் எழுத்துப்பூர்வமான இசைவு போதும். மற்றவற்றுக்கு முறைப்படி விண்ணப்பித்து, 28 நாள் பொது அறிவிப்பு வைத்து, திருமண்டல நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். சுவரில் பொருத்தும் திரை, ஒலிபெருக்கி, புதிய மின்கம்பி, பெயர் பொறித்த நன்கொடைப் பலகை என்று எதுவானாலும் ஊர்ச் சபையின் சர்ச் வார்டனிடம் முதலில் கேளுங்கள், ஆறு மாதம் முன்னதாக. அனுமதியின்றிச் செய்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்; பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் தலைமேல் வரும். காலில் நிற்கும் திரையும் கழற்றி எடுத்துவைக்கும் ஒலிபெருக்கியும் போதுமென்றால் அதோடு திருப்தி அடையுங்கள்.

காணிக்கையாக ஏதாவது கொடுக்க விரும்பும் சபைகளுக்கு எங்கள் ஆலோசனை ஒன்றே. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி ஒவ்வொரு பங்கு ஆலயத்தையும் ஐந்தாண்டுக்கொரு முறை தகுதிபெற்ற வல்லுநர் ஒருவர் அடிமுதல் முடிவரை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார். எது உடனே செய்ய வேண்டியது, எது பொறுக்கும் என்று வகைப்படுத்தியிருப்பார். அந்த அறிக்கையின் பிரதியை ஊர்ச் சபையாரிடம் கேட்டு வாங்கி, உங்கள் செயற்குழுவில் வைத்துப் படியுங்கள். 'உடனே' என்ற தலைப்பில் பெரும்பாலும் பீலி, ஈயம், மழைநீர்க் குழாய்தான் இருக்கும். கண்ணைக் கவரும் எதுவும் இராது. அதில் உங்கள் கைக்கு எட்டும் ஒன்றை உங்கள் சபையின் பங்காக ஏற்றுக்கொண்டு பணம் ஒதுக்குங்கள். பெயர்ப்பலகை வேண்டாம். வரும் நவம்பரில் தரைவாய் சுத்தம் செய்யும் நாள் எது என்று கேட்டு, எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் வார்டனிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய ஆலயங்களின் பழுதுபார்ப்பிலும் பராமரிப்பிலும் ஈடுபட்டிருக்கும் தமிழர் சிலர்